எடுக்காத சீட்டு

அத்தியாயம் 11

மொக்கையன் வீட்டில் பரிசம் போடும் நாளும் வந்துவிட்டது. மூன்று வாரத்துக்கு முன்னால் படிப்பா கல்யாணமா என்று கருப்பசாமி கோயிலில் போட்ட திருவுளச்சீட்டில் ‘கல்யாணம்’ என்று வந்ததிலிருந்து, இளைய மகள் தங்கப்பொண்ணு சரியாகச் சாப்பிடவில்லை. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேரச் சொல்லி வந்த கடிதத்தைத் தலையணைக்குள் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

அந்தக் கடிதத்தில் போட்டிருந்த கடைசி நாள் புதன்கிழமை, மாலை ஐந்து மணி. பரிசத்துக்குக் குறித்த நாளும் அதே புதன்கிழமைதான். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று சொல்லித்தான் மொக்கையன் குறித்தார். சொந்த ஊரான கோச்சடையில் அவர் சொன்னால் சொன்னதுதான் என்று பெயர்.

மூத்தவள் அன்னக்கொடிக்கு விடிந்ததிலிருந்தே எரிச்சல். இருபது பேருக்குச் சமையல். ஒற்றை ஆளாக நின்று பொங்குகிறாள். தாயில்லாத வீட்டில் தாய் செய்கிற வேலை எல்லாம் அவள் தலையில்தான். புருஷன் காசிமாயன் இன்றைக்கென்று செல்லூர் தறிப் பட்டறைக்கு லீவு போட்டிருந்தான். லீவு போட்டவன் ஒரு குடம் தண்ணீர் எடுத்தானா, ஒரு தேங்காய் உடைத்தானா என்றால் அதுதான் இல்லை. வெளுத்த வேட்டி கட்டி, சட்டைப் பையில் கறுப்பு மார்க்கர் பேனாவைச் சொருகிக்கொண்டு, பரவையிலிருந்து வரும் சம்பந்தக்காரர்களுக்காக வாசலில் நின்றான்.

அந்தப் பேனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டறையில் துண்டுக்கட்டுப் பார்சல்களின் மேல் ஊர்ப்பெயர் எழுதுவது காசிமாயன் வேலை. அதற்குக் கொடுத்த சாதாரணப் பேனாதான். கட்டைவிரல் தடிமன் இருக்கும், மூடியைத் திறந்தால் குப்பென்று ஸ்பிரிட் வாடை அடிக்கும். லாரி வரக் காத்திருக்கும் நேரத்தில் அதை வைத்து வித்தை பழகிவிட்டான். மூடியை மறைத்து அடுத்தவன் காதுக்குப் பின்னால் எடுப்பான். இடக்கையில் வைத்த புள்ளியை வலக்கைக்கு மாற்றுவான். டீக்கடையில் இவனைச் சுற்றி எப்போதும் நாலு பேர் வாய் பிளந்து நிற்பார்கள். வீட்டில் மட்டும் யாரும் மதிப்பதில்லை. வீட்டோடு மாப்பிள்ளை. மொக்கையனுக்கு அக்கா மகன் வேறு. இருக்கச் சொன்னால் இருப்பான், போகச் சொன்னால் போவான்.

மதியம் இரண்டு மணிக்கு அன்னக்கொடி தங்கைக்குத் தலை பின்னிவிட உட்கார்ந்தாள்.

“மணி எம்புட்டுக்கா?” என்றாள் தங்கப்பொண்ணு.

“இப்பத்தான கேட்ட?”

“அது ஒண்ணரைக்குக் கேட்டது.”

அன்னக்கொடிக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதை மறைக்கக் கோபம்தான் வந்தது. ஜடையை இழுத்துப் பின்னினாள்.

“மணியவே கேட்டுக்கிட்டு இருக்காத. சாமி சொன்னா சொன்னதுதான். உனக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணா சொல்லும்? நானா சீட்டு எடுத்தேன்? பச்சப்புள்ள எடுத்துச்சு.”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“சொல்லாமச் சொல்றியே, அதான் தாங்கல.”

தங்கப்பொண்ணு அதற்கப்புறம் மணி கேட்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பரவைக்காரர்கள் வேன் வைத்து வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா விருமாண்டி முன்னால் வந்தார். செங்கல் சூளை வைத்திருக்கிறவர், வெள்ளை மனசு, பெரிய குரல். வழக்கப்படி மாப்பிள்ளை இந்தச் சடங்குக்கு வரவில்லை. முன்கூடமான பட்டாசாலையில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடுவில் பரிசத்தட்டு. பட்டுச்சேலை, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ. அவற்றோடு ஒரு ஓரத்தில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்றும் இருந்தது.

இந்த முடிச்சு இவர்கள் கூட்டத்து வழக்கம். சாமி முன்னால் இரண்டு சீட்டு போடுவார்கள். எழுத்துத் தெரியாத குழந்தை அதில் ஒன்றை எடுக்கும். எடுத்ததைப் பிரித்துப் படிப்பார்கள். எடுக்காததைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அதை மஞ்சள் துணியில் முடிந்து பரிசத்தட்டில் வைத்து, தட்டு மாற்றியதும் வைகையில் விட்டுவிடுவார்கள். பூசாரி சிவனாண்டி அந்த முடிச்சைத் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்திருந்தார்.

தட்டு மாற்ற மூன்றே முக்காலுக்கு நேரம் குறித்திருந்தது. அதுவரை சும்மா இருப்பானேன் என்று காசிமாயன் பேனாவை எடுத்தான்.

“அண்ணே, இங்க பாருங்க. ரெண்டு சீட்டு. ஒண்ணுல பரவைன்னு எழுதுறேன். இன்னொண்ணுல கோச்சடைன்னு எழுதுறேன். நல்லாப் பார்த்துக்கங்க. மடிச்சாச்சு. குலுக்கியாச்சு. எடுங்க.”

விருமாண்டி ஒன்றை எடுத்துப் பிரித்தார். “பரவை!”

“இன்னொரு தரம் எடுங்க.”

மறுபடியும் பரவை. மூன்றாம் தரம் இன்னொருவர் எடுத்தார். அதுவும் பரவை. சம்பந்தக்காரர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள்.

“எங்க ஊருக்கு அம்புட்டு ராசியா மாப்ள! அந்த இன்னொரு சீட்டக் காட்டு பாப்போம்” என்றார் அவர்களில் ஒருவர்.

காசிமாயன் கண்ணடித்தான். “எடுக்காத சீட்டப் பிரிக்கக் கூடாதுண்ணே. வழக்கம் தெரியாதா?”

மறுபடியும் சிரிப்பு. காசிமாயன் புதிதாக இரண்டு சீட்டு எடுத்து இன்னொரு தரம் எழுத ஆரம்பித்தான்.

அந்த நேரத்தில்தான் அன்னக்கொடி காப்பித் தட்டோடு அடுப்படியிலிருந்து வந்தாள். அடுப்படி வாசல் காசிமாயன் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எல்லோரும் அவனுக்கு எதிரே உட்கார்ந்து அவன் வாயைப் பார்த்தார்கள். இவள் மட்டும் பின்னால் நின்று கையைப் பார்த்தாள். பேனாவுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் நாலாக மடித்த சீட்டு ஒன்று ஏற்கெனவே ஒளிந்திருந்தது. கோச்சடை என்று எழுதிக் காட்டிய சீட்டை மடிக்கிற சாக்கில் பேனாவுக்குப் பின்னால் ஏற்றினான். ஒளிந்திருந்தது கீழே இறங்கியது. பேனா பிடித்த கையை யார் சந்தேகப்படுவார்கள்? பாயில் விழுந்த இரண்டுமே பரவைதான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கோயிலில் சீட்டு எழுதியவனும் இவன்தான். எல்லோர் முன்னாலும் இதே பேனாவால் எழுதிக் காட்டி, இதே கையால் மடித்தான்.

காப்பித் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு, “ஏங்க, இங்க ஒரு நிமிசம் வாங்க” என்றாள். குரல் வெளியே சாதாரணமாகத்தான் வந்தது. கொல்லைப்புறத்து மாட்டுக்கொட்டம் போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

“என்ன, சீனி பத்தலையா?” என்றான் காசிமாயன்.

“கோயில்லயும் இந்தப் பேனாவுலதான எழுதினீங்க?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“எழுதிக் காமிச்சீங்க. மடிச்சீங்க. மடிக்கும்போது என்ன பண்ணினீங்க?”

“ஏய், நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுற?”

“நான் பின்னால நின்னேன். பார்த்துட்டேன்.”

காசிமாயனுக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. சத்தியம் செய்திருக்கலாம், அதட்டியிருக்கலாம். இரண்டும் செய்யாமல் அக்கம்பக்கம் பார்த்தான்.

“மெதுவாப் பேசு” என்றான்.

வேறு ஒப்புதல் தேவைப்படவில்லை. அன்னக்கொடிக்குக் காது இரண்டும் சுட்டது.

“மாமாதான் சொன்னாரு” என்றான். “ அத்தை சாகும்போது, சின்னவள நல்லாப் படிக்கவைக்கிறேன்னு கையடிச்சுக் குடுத்துட்டாராம். ‘எம் வாயால வேண்டாம்னு சொன்னா செத்தவளுக்குக் குடுத்த வாக்கு பொய்யாகிடும்டா காசி. சாமி சொன்னதா இருக்கட்டும்’னாரு. நான் என்ன பண்ண? இருக்கிறது அவரு வீடு, திங்கிறது அவரு சோறு.”

“சோறு போட்டா சாமியவும் ஏமாத்துவியா நீ?”

கட்டின பத்து வருஷத்தில் அவள் அவனை ‘நீ’ என்றது அன்றைக்குத்தான். காசிமாயன் கன்னத்தில் அறை வாங்கியவன் மாதிரி நின்றான்.

“அவ அழுதாளே, அப்ப நீ பக்கத்துலதான நின்ன? ‘சாமி வாக்கு, ஏத்துக்கத்தா’ன்னு நீயும்தான சொன்ன? எம்புட்டு நெஞ்சழுத்தம் உனக்கு!”

“அன்னக்கொடி, வந்தவுக காதுல விழுந்திரும்...”

“விழட்டும். விழத்தான் போகுது.”

அவளுக்குப் புருஷன் மேல் வந்த கோபத்தைவிட அப்பா மேல் வந்த கோபம் பெரியது. அவன் கோழை என்பது ஊருக்கே தெரியும். இவரை ஆம்பளை என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்! வேண்டாம் என்று சொல்லச் சொந்த வாய் இல்லை, அதற்குக் கருப்பசாமி வாயை வாடகைக்கு எடுத்திருக்கிறார். எடுத்ததுமல்லாமல், சீட்டு பிரித்த அன்றைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணீர் வேறு விட்டார்.

சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பட்டாசாலைக்குப் போனாள். சுவர்க்கடிகாரத்தில் மூன்றரை. பரிசத்தட்டுக்கு முன்னால் குனிந்து மஞ்சள் முடிச்சைக் கையில் எடுத்தாள்.

மொக்கையன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினார். “ஏத்தா! அதுல ஏன் கை வைக்கிற?”

“பிரிக்கப் போறேன்.”

பூசாரி சிவனாண்டி எழுந்தே விட்டார். “சாமி குத்தம் ஆகும்த்தா! ஏழு தலைமுறையா யாரும் பிரிச்சதில்ல!”

“பிரிச்சிருந்தா ஏழு தலைமுறையும் நல்லா இருந்திருக்கும்.”

“கீழ வையிடீ!” என்று மொக்கையன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். வந்த வேகம் அவளுக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டது. மகள் விலகவில்லை. கண்ணை இறக்கவும் இல்லை. அவள் கையில் முடிச்சு அவிழ்ந்தது. நாலாக மடித்த சீட்டு. அதைத் தான் பிரிக்காமல் விருமாண்டியிடம் நீட்டினாள்.

“மாமா, நீங்க பெரிய மனுசர். நீங்களே படிங்க.”

விருமாண்டி எல்லோர் முகத்தையும் பார்த்தார். பிறகு பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“கல்யாணம்னு போட்டிருக்கு” என்றார். என்னவோ இடித்தது. மறுபடி பார்த்தார். “எடுத்த சீட்டுலயும் கல்யாணம்னுதான வந்துச்சு?”

“ஆமா மாமா. இப்பப் பரவை வந்துச்சுல்ல, அந்த மாதிரிதான்.”

கொஞ்ச நேரத்துக்கு முன் தொடை தட்டிச் சிரித்தவர்களெல்லாம் காசிமாயனைத் தேடினார்கள். அவன் அடுப்படி வாசலில் தலை குனிந்து நின்றான்.

“யோவ் மொக்கையா” என்றார் விருமாண்டி. பெரிய குரல் சின்னதாகிவிட்டிருந்தது. “சாமி குடுத்த பொண்ணுன்னு எங்க ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேனே. எங்களையும் சேர்த்துல்ல ஏமாத்திட்ட?”

மொக்கையன் துண்டை உதறித் தோளில் போட்டார். மாட்டிக்கொண்ட மனுஷனுக்குக் கோபம்தானே கடைசிக் கைத்தடி.

“ஆமாய்யா, நான்தான் சொன்னேன். எம் மக நல்ல இடத்துல வாக்கப்படணும்னு நினைச்சது தப்பா? பெத்தவனுக்கு அதுகூடச் செய்ய உரிமை இல்லையா?”

“உரிமை இருக்குன்னா நேருக்கு நேரா சொல்லணும்” என்றாள் அன்னக்கொடி. “நான் சொல்றேன், நீ படிக்க வேண்டாம்னு அவ மூஞ்சியப் பார்த்துச் சொல்லணும். சாமி முதுகுக்குப் பின்னால ஒளியக் கூடாது.”

“ஏ, வாய மூடு!”

சிவனாண்டி நடுவில் புகுந்தார். “இந்தா, சண்டை வேண்டாம். நடந்தது நடந்துபோச்சு. இப்பவே கோயிலுக்குப் போவோம். நான் எழுதுறேன், நான் மடிக்கிறேன். நியாயமா ஒரு சீட்டு போட்டுப் பார்த்துருவோம். அதுக்கு எல்லாரும் கட்டுப்படுங்க.”

எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. “அது சரி”, “அதுதான் முறை” என்று குரல்கள் எழுந்தன. விருமாண்டிகூடத் தலையாட்டினார். மொக்கையன் முகத்தில் தெம்பு வந்தது. சாமியைக் கையெடுத்துக் கும்பிடாமல் ஒரு நாளும் சாப்பிடாத அன்னக்கொடி இதற்குச் சம்மதிப்பாள் என்றுதான் அத்தனை பேரும் நினைத்தார்கள்.

“வேண்டாம்” என்றாள்.

“என்னத்தா, சாமிய நம்பலையா?”

“சாமிய நம்புறேன். சீட்டுதான் வேண்டாம். படிக்கப் போறவ அவ, வாக்கப்படப் போறவ அவ. அவகிட்ட ஒருத்தராவது கேட்டீங்களா? அப்பா கேட்டாரா? எம் புருசன் கேட்டாரா? ஊர்ல ஒரு ஆளாவது, ஏ தங்கப்பொண்ணு, உனக்கு எது வேணும்னு வாயைத் தொறந்து...”

“நீ கேட்டியாக்கா?”

உள்ளறை வாசலில் தங்கப்பொண்ணு நின்றாள். பாதி கட்டிய பட்டுச்சேலை, இறுக்கிப் பின்னிய ஜடை. கண்ணில் ஒரு பொட்டு ஈரமில்லை.



“சொல்லுக்கா. எல்லாரையும் கேக்குறியே. எஞ் சர்ட்டிபிகேட்ட உன் டிரங்குப் பெட்டியில வச்சுப் பூட்டினது யாரு? அப்பாவா? மச்சானா? ‘கண்ணுல பட்டாத்தான அழுவ’ன்னு சாவிய இடுப்புல சொருகிக்கிட்டது யாரு? இன்னைக்கு ரெண்டு மணிக்குக்கூட மணி கேட்டேன். அதுக்கும் வைஞ்ச.”

“தங்கம், நான் சாமி வாக்குன்னு நம்பி...”

“நீ நம்பின. அவுக ஏமாத்தினாக. நான் மூணு வாரமா அழுதேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அத்தனை பேர் பார்க்க நின்றிருந்த அன்னக்கொடி அவமானத்தில் குறுகிப்போனாள். பொய் சொன்னவர்கள் மேல் அவளுக்கு வந்த கோபம் போலவே தன் மேலும் ஒருத்திக்குக் கோபம் இருக்கும் என்பது அந்த நிமிஷம் வரை அவளுக்குத் தோன்றவே இல்லை. தங்கச்சி சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

தங்கப்பொண்ணு கையை நீட்டினாள். “சாவியக் குடு.”

கொடுத்தாள். உள்ளே பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கழுத்துச் சங்கிலியையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு, சேலையைச் சுருட்டிச் செருகி, சர்ட்டிபிகேட்டும் கடிதமும் வைத்த காகித உறையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மணி மூன்று ஐம்பது. நாலு மணி பஸ்ஸைப் பிடித்தால் உண்டு. அடுத்த பஸ்ஸுக்கு ஐந்து மணி தாண்டிவிடும்.

“நானும் வாரேன்” என்றாள் அன்னக்கொடி.

“வேண்டாம். நீ வந்தா வழியெல்லாம் உன்ன வைஞ்சுக்கிட்டே வருவேன். நான் போறேன்.”

போய்விட்டாள். செருப்புச் சத்தம் தெருவில் ஓடுவது உள்ளே எல்லோருக்கும் கேட்டது.

மொக்கையனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. “பார்த்துக்கிட்டு நிக்கிறியேடா காசி! பஸ்ஸு வர்றதுக்குள்ள போயி அவ ஜடையப் பிடிச்சு இழுத்துட்டு வாடா! இல்லன்னா நீயும் இந்த வீட்டுக்குள்ள வராத!”

காசிமாயன் ஒரு அடி எடுத்து வைத்தான். அதற்குள் அன்னக்கொடி நாலு எட்டில் முன்வாசலுக்குப் போய், நிலைப்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். ஒரு நிலைக்காலில் முதுகு, எதிர் நிலைக்காலில் பாதம்.

“போறவுக என்னத் தாண்டிப் போங்க” என்றாள்.

நிலைப்படியில் உட்கார்ந்த சுமங்கலியைத் தாண்டி யார் போவார்கள்? மொக்கையன் அவளுக்கு முன்னால் வந்து நின்று பல்லைக் கடித்தார். பூசாரி கருப்பசாமி பெயரைச் சொல்லி முணுமுணுத்தார். பரவைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எங்களையாவது விடும்மா” என்றார் விருமாண்டி. “நாங்க ஊரப் பார்த்துப் போறோம்.”

“அஞ்சு மணி ஆகட்டும் மாமா. அதுவரைக்கும் உக்காந்து சாப்பிடுங்க. இருபது பேருக்குப் பொங்கி வச்சிருக்கேன், வீணாப் போயிரும்.”

சொல்லும்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. அழுகிறாளே, இளகிவிடுவாள் என்று மொக்கையன் ஒரு அடி முன்னால் வந்தார். அவள் காலை இன்னும் அழுத்தி ஊன்றினாள்.

“தாண்டுங்கப்பா. பெத்த மகளத் தாண்டினவுகன்னு பேராகட்டும்.”

மொக்கையன் நின்றுவிட்டார்.

கடிகாரத்தில் மூன்று ஐம்பத்தைந்து. அப்போதுதான் வீட்டின் பின்பக்கம் தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. முன்வாசலை அடைத்தவள் கொல்லைக் கதவை மறந்துபோயிருந்தாள்.

கழுத்தைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். விருமாண்டி இருந்தார். பூசாரி இருந்தார். பரவைக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அடுப்படி வாசலில் நின்ற காசிமாயன் மட்டும் இல்லை.

பக்கத்துச் சந்தில் சைக்கிள் மணி கிணுகிணுத்தது. பஸ் நிறுத்தம் பக்கமாகத்தான் போகிறது. மாமனார் சொன்னபடி இழுத்து வரப் போகிறானா? செய்த பாவத்துக்குப் பஸ் ஏற்றிவிடப் போகிறானா? பத்து வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு அது தெரியவில்லை. எழுந்து ஓடினால் எதிரே நிற்கும் அப்பாவுக்கு வாசல் திறந்துவிடும். எழாமல் இருந்தால் அவனைத் தடுக்க முடியாது.

“ஏய் காசி!” என்று தெருவே அதிரக் கத்தினாள். கட்டின புருஷனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அன்றைக்குத்தான்.

சைக்கிள் நிற்கவில்லை.